மாலை ஆறு மணிக்குப் பிறகும் எண்ணுங்கள்
நகரப் போக்குவரத்து ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை. கிளிநொச்சிக்குப் பக்கத்துப் பரந்தன் சந்தியில் மூன்று நாள் வாகனம் எண்ணியவர்களில் நானும் ஒருத்தி. ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு குடை, மடியில் அட்டை, கையில் கிளிக்கர். காலை ஆறு மணிக்குத் தொடங்கி மாலை ஆறு மணிக்கு முடிப்போம். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரி. பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருந்த எனக்கு, நாட்சம்பள வேலைதான் என்றாலும், பிடித்திருந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கிற வீதியை அப்படி உற்றுப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உங்கள் ஆய்வின் தலைப்பில் நகரம் இருந்தது, மாறிவரும் பயண வழக்கங்கள் என்றும் இருந்தது. மாறியது என்ன என்று நன்றாகத் தெரிந்த ஆட்கள் நீங்கள் தந்த படிவத்துக்கு வெளியில் நின்றார்கள். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நாள் விடிய ஆறே காலுக்கு ஒரு லாண்ட்மாஸ்டர், பெட்டி பூட்டிய இரண்டு சில்லு உழவு இயந்திரம், வந்தது. பெட்டிக்குள் பெண்கள். வயலுக்குக் களை பிடுங்கப் போகிறவர்கள். தலையில் துவாய், சட்டைக்கு மேலே ஆம்பிளைச் சேட்டு, மடியில் சாப்பாட்டுப் பை. கடந்து போகிற நேரத்துக்குள் எண்ணினேன், பன்னிரண்டு பேர். படிவத்தில் ‘விவசாய வாகனம்’ என்ற நிரலில் ஒரு கோடு போட்டேன். மேற்பார்வைக்கு வந்த தம்பியிடம் “ஆக்களை எங்க எழுதிறது?” என்று கேட்டேன். “வாகனத்தை மட்டும் எண்ணுங்கோ அக்கா, ஆக்கள் தேவையில்லை” என்றான். பாவம், அவனுக்குச் சொன்னதை அவன் எனக்குச் சொன்னான்.

ஏன் ஆட்கள் தேவையில்லை என்பது பிறகு வாசித்தபோதுதான் விளங்கியது. உங்கள் கணக்கில் எல்லா வாகனமும் கடைசியில் காராக மாறுகிறது. கார் அலகு என்று ஒரு அளவு. மோட்டார் சைக்கிள் ஒரு காரில் பாதிக்கும் குறைவு. பஸ் என்றால் இரண்டு மூன்று கார். மெதுவாக ஊர்கிற மாட்டு வண்டிக்கு அதைவிடவும் கூடப் போடுவார்கள். வீதியில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது, பின்னால் வருகிறவரை எவ்வளவு மறிக்கிறது என்பதற்கான அளவு அது. சந்திக்குச் சிக்னல் வேண்டுமா, வீதியை அகலிக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி என்றால் அது சரியான அளவுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அளவில் பார்த்தால் லாண்ட்மாஸ்டரில் போன பன்னிரண்டு பெண்களும் சேர்ந்து வீதிக்கு ஒரு இடைஞ்சல், தனியே ஏசி காரில் கொழும்புக்குப் போனவர் ஒரு முழுப் பயணி.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்றும் தேடினேன். 1950களில் அமெரிக்காவில், டெட்ரொயிட்டிலும் சிகாகோவிலும் நடந்த பெரிய ஆய்வுகளோடு வளர்ந்தது. எத்தனை பயணம் பிறக்கிறது, எங்கிருந்து எங்கே போகிறது, எதில் போகிறது, எந்த வழியால் போகிறது என்று நாலு படி. கார் பெருகப் போகிற ஊருக்கு எவ்வளவு அகலமான வீதி வேண்டும் என்று தெரிந்துகொள்ளச் செய்த ஏற்பாடு. அதை ஏ9க்கு, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற பெருவீதிக்குக் கொண்டுவந்தால் அது ஏ9ஐத்தான் காட்டும். ஏ9இல் ஓடுகிறதில் பெரும் பங்கு வன்னிக்கு வருகிறது அல்ல, வன்னியைக் கடக்கிறது. முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறிவிட்டால் அவர்களுக்கு வன்னி முடிந்தது. ரயிலும் அப்படித்தான். போரால் 1990இல் நின்றது, 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பி வந்தது. தூரப் பயணத்துக்கு நல்ல வசதி. தருமபுரத்திலிருந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆச்சிக்கு அதனால் ஒன்றும் இல்லை.

நகரம் என்ற சொல்லிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. இலங்கையின் கணக்கெடுப்பில் மாநகர சபையும் நகர சபையும் ஆளுகிற இடம்தான் நகரம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பட்டின சபைகள் பிரதேச சபைகளுக்குள் போனபிறகு, பிரதேச சபைக்குள் இருக்கிற இடம் எவ்வளவு பெரிய ஊராக இருந்தாலும் கிராமம். 2012இல் நாட்டு மக்களில் 18.2 வீதம்தான் நகரத்தவர் என்று வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கிளிநொச்சி கரைச்சிப் பிரதேச சபைக்குள் இருக்கிறது. ஆக மாவட்டச் செயலகம், பெரியாஸ்பத்திரி, வங்கிகள், புடவைக் கடைகள், கொஞ்சம் தள்ளி அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம், இவ்வளவும் ஒரு கிராமத்தில். வன்னியில் வவுனியாவும் மன்னாரும் நகரக் கணக்கில் வரும். கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டத்திலும் அந்தக் கணக்கெடுப்பின்படி ஒரு நகரத்தவரும் இல்லை.

இது பெயர்ப் பிரச்சினை மட்டும் என்றால் விட்டுவிடலாம். கிளிநொச்சி 1930களில் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய ஊர். இரணைமடுத் தண்ணீர் போன வாய்க்கால்களோடு காணி கொடுத்தார்கள், ஆட்கள் காணியோடு நீண்டு போனார்கள். வீடுகள் அடுக்கி நெருங்கிய ஊராக அது வளரவே இல்லை. பகலில் அங்கே நிற்கிற ஆட்களில் பாதிப் பேருக்கு மேல் அக்கராயன், வட்டக்கச்சி, பூநகரி, கண்டாவளை, விசுவமடு என்று எங்கெங்கோ இருந்து வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். மாலையானால் கடைவீதி வெறிச்சோடிவிடும். நகர எல்லைக்குள் இருக்கிற வீடுகளில் கதவைத் தட்டி “நேற்று எங்கே போனீர்கள்” என்று கேட்டால், கிளிநொச்சியை நகரமாக வைத்திருக்கிற ஆள் அகப்படவே மாட்டார். அவர் அப்போது வீட்டுக்குப் போகிற வழியில் ஏதோ ஒரு சந்தியில் நின்றுகொண்டிருப்பார்.

கொழும்புக்கு இப்படிச் செய்யவில்லை. 2013 வாக்கில் ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜெய்க்காவின் துணையோடு நடந்த ஆய்வுக்கு மேல் மாகாணம் முழுக்க வீடு வீடாகப் போனார்கள். நகரத்துக்கு வருகிறவர் எங்கே படுத்து எழும்புகிறாரோ அங்கே போய்த்தான் கேட்டார்கள். எங்களுக்கும் அதைத்தான் கேட்கிறேன்.

இனி அம்மாவின் கதை. பரந்தனிலிருந்து கிழக்கே முல்லைத்தீவுக்குப் போகிற ஏ35 வீதியில், விசுவமடுவில், அம்மா ஒரு துவிச்சக்கரவண்டி பாதுகாப்பு நிலையம் வைத்திருக்கிறா. பெயர்ப் பலகைக்குத்தான் அவ்வளவு நீளம். நாலு மரக்கால், தகரம், சுற்றிவரப் பழைய முள்ளுக்கம்பி. உள்ளூரில் இருந்து ஆட்கள் சைக்கிளில் வந்து, அதை அம்மாவிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறுவார்கள். சிகரெட் மட்டையில் இலக்கம் எழுதி இரண்டாகக் கிழித்து, ஒரு துண்டு ஹாண்டிலில், மற்றத் துண்டு ஆளின் கையில். துண்டைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களுக்கு அம்மா சைக்கிளின் அடையாளம் கேட்பா. மணி எந்தப் பக்கம், சீற்றுக்கு என்ன நிற உறை, மட்காட்டில் யார் படம். சைக்கிள் வைத்திருக்கிறவர்களுக்கு அது ஒரு பரீட்சை.

அம்மாவுக்கு முன்னர் ஒரு லுமாலா சைக்கிள் இருந்தது. 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், வட்டுவாகல் பாலத்தைக் கடக்கும்போது அதை அங்கேயே போட்டுவிட்டு வந்தோம். அந்தப் பாலத்தடியில் விட்டுவந்த சைக்கிள்களை எண்ண யாராலும் முடிந்திருக்காது. மீளக்குடியேறி வந்தபோது ஒரு தொண்டு நிறுவனம் தந்த சைக்கிள்தான் வீட்டுக்கு வந்த முதல் வாகனம். எங்கள் ஒழுங்கையில் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் தந்தார்கள். பஸ் ஏறுகிற இடத்தில் விட்டால் யாருடையது எது என்று தெரியாது. அந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான் அம்மாவின் தொழில்.

உங்கள் படிவத்தில் அம்மாவிடம் சைக்கிள் விடுகிறவர் இல்லை. வீட்டிலிருந்து சந்திக்கு ஐந்து கிலோமீற்றர் சைக்கிள், அப்புறம் பஸ், கிளிநொச்சியில் இறங்கி நடை. வீட்டுக் கணக்கெடுப்புகளில் வழக்கமாக இப்படிப்பட்ட பயணத்துக்கு ஒரு பிரதான வாகனத்தை மட்டும் எடுப்பார்கள். பஸ் இருந்தால் பஸ். சைக்கிளும் நடையும் பஸ்ஸுக்குள் மறைந்துவிடும். அட்டவணையில் அவர் நல்ல பொதுப் போக்குவரத்துப் பயணி. உண்மையில் அவருடைய பாடு அந்த ஐந்து கிலோமீற்றரில்தான். மாரி காலத்தில் கிறவல் வீதி சேறாகி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தின்போது அம்மாவின் கொட்டகை பல நாள் வெறுமையாகக் கிடந்தது. பிரதான வீதியில் வாகனம் ஓடத் தொடங்கிய பிறகும் உள்ளேயிருந்து யாரும் வெளியே வரவில்லை.

பயண நோக்கம் என்று ஒரு பகுதி இருந்ததே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் பஸ் தரிப்பிடத்தில் ஆட்களிடம் கேள்வி கேட்கும் வேலை தந்தீர்கள். வேலை, கல்வி, பொருள் வாங்குதல், ஏனையவை என்று நாலு பெட்டி, ஒன்றில் மட்டும் சரி போட வேண்டும். ஒரு அக்கா நின்றா. கைக்குழந்தை, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, ஒரு உரப்பை. எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். “முதல்ல பிள்ளைக்குக் கிளினிக், பிறகு அஸ்வெசும நிவாரணக் காசு வந்திட்டுதோ எண்டு வங்கியில பாக்கவேணும், மாமிக்குப் பிறஷர்க் குளிசை, சந்தையில இந்த முருங்கைக்காய குடுத்திட்டு அரிசி வாங்கவேணும், மூத்தவளுக்குக் கொப்பி.” நான் பேனையைப் பிடித்தபடி நின்றேன். “எதுக்குத் தங்கச்சி, எல்லாத்தையும் எழுதப்போறியளோ?” என்று கேட்டு அவவே சிரித்தா. ‘ஏனையவை’யில் சரி போட்டேன்.

ஸ்பெயினைச் சேர்ந்த இனேஸ் சான்செஸ் தெ மதரியாகா என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார், பராமரிப்புப் பயணம் என்று சொல்லலாம். பிள்ளைக்காக, நோயாளிக்காக, வீட்டுக்காகப் போகிற பயணங்களை எல்லாம் துண்டு துண்டாகப் பிரித்து வேறு வேறு பெட்டியில் போடுவதால்தான் வேலைப் பயணம் மட்டும் பெரிதாகத் தெரிகிறது, சேர்த்துப் பார்த்தால் கதை மாறும் என்பது அவர் வாதம். போரில் ஆண்களை இழந்து பெண்கள் தனியே குடும்பம் நடத்துகிற வீடு எங்கள் ஒழுங்கையிலேயே எத்தனையோ. இங்கே அந்தக் கதை எப்படி மாறும் என்று பார்க்க எனக்கு ஆசை. உங்களுக்கு இல்லையா?

மாற்றம் என்று பார்த்தால், அதை அம்மாவின் கொட்டகையில் நின்றே பார்க்கலாம். பத்து வருடத்துக்கு முன் முழுக்கச் சைக்கிள். அப்புறம் ஒன்றிரண்டு ஸ்கூட்டி வந்தது, லீசிங்கில் எடுத்தது. ரீச்சர்மார்தான் முதலில். பிறகு முன்பள்ளி ஆசிரியைகள், கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகள். பெண்பிள்ளை மோட்டார் சைக்கிள் ஓடுவதா என்று வாயைப் பிளந்தவர்கள் எல்லாம் இப்போது அந்தப் பிள்ளைக்குப் பின்னால் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். ஸ்கூட்டி வந்ததும் பலர் அம்மாவிடம் வருவதையே விட்டார்கள், நேரே கிளிநொச்சிக்கே ஓடிவிடுகிறார்கள். நீங்கள் எண்ணிய மோட்டார் சைக்கிள்களில் இவர்களும் இருந்திருப்பார்கள். வசதி வந்ததால் பஸ்ஸை விட்டார்கள் என்று எழுதிவிடாதீர்கள். பஸ் வராத நேரத்துக்கு வேலை முடிவதால் கடன்பட்டு வாங்கியவர்களும் அதற்குள் இருக்கிறார்கள். ஒருத்தி சம்பளத்தில் லீசிங் எவ்வளவு, பெற்றோல் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், மிச்சம் எண்ண நேரம் எடுக்காது.

2022 பொருளாதார நெருக்கடியில் எல்லாம் தலைகீழானது. பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. யூலையில் கியூஆர் குறியைக் காட்டிப் பங்கு எரிபொருள் வாங்கும் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5. இரும்புக்குக் கொடுக்க வைத்திருந்த சைக்கிள்கள் கூரையிலிருந்து இறங்கின. அம்மாவின் கொட்டகை நிரம்பி வெளியே மரத்தோடும் கட்டினோம். எதிர்ச் சாப்பாட்டுக்கடை ஐயாவுக்கு ஒரே சிரிப்பு. “தொண்ணூறுகளில அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்ட நேரம் ரெண்டு சொட்டுப் பெற்றோலில ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடினனாங்கள், இதெல்லாம் ஒரு தட்டுப்பாடோ?” என்பார். எரிபொருள் முடக்கத்தின்போது மக்கள் பயணம் எப்படி மாறும் என்று உலகமெங்கும் ஆய்வு நடக்கிறது. அந்தப் பாடத்தை இரண்டு தடவை படித்த ஆட்கள் இங்கே உயிரோடு இருக்கிறார்கள், ஒருவரும் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து கேட்கவில்லை. எண்பது வயதைத் தாண்டியவர்கள் வேறு, கொஞ்சம் சுறுக்காக வந்தால் நல்லது.

இப்போது தொலைபேசித் தரவு வந்துவிட்டது, ஆளே தேவையில்லை என்று ஒரு பேச்சும் இருக்கிறது. கொழும்பில் ஆட்கள் எங்கே படுத்து எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று லேர்ன்ஏசியா நிறுவனம் அப்படிப் பார்த்திருக்கிறது, கெட்டித்தனமான வேலை. கொழும்பில் தொலைபேசிக் கோபுரங்கள் நெருக்கம். எங்கள் பக்கம் ஒரு கோபுரத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் காடும் வயலும் குளமும். வீட்டிலிருந்து சந்திக்கு வருகிற அந்த ஐந்து கிலோமீற்றரும் ஒரே கோபுரத்துக்குள் முடிந்துவிடலாம். தரவில் அவர் அசையவே இல்லை.

எனக்கு ஆகவும் உறுத்துவது கடைசி ஒன்று. நாங்கள் ஆறு மணிக்கு எழும்பிவிட்டோம். கதிரையை மடித்து வான் வண்டியில் ஏற்றும்போது, கிளிநொச்சிக் கடையொன்றில் வேலை செய்கிற இரண்டு பிள்ளைகள் முல்லைத்தீவுப் பக்கம் போகிற தரிப்பிடத்தில் நின்றார்கள். உங்கள் வானில் என்னை விசுவமடுவில் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தீர்கள், அதனால் எனக்குக் கவலை இல்லை. அந்தப் பிள்ளைகள் வீதியை எட்டி எட்டிப் பார்த்தபடி நின்றார்கள். யாழ்ப்பாணம் போகிற நெடுந்தூர பஸ்கள் ஏ9இல் லைட்டைப் போட்டுக்கொண்டு வரிசையாகப் போயின. கிழக்கே திரும்புகிறதாக ஒன்றையும் காணோம். ஒரு பிள்ளை தகப்பனுக்குப் போன் எடுத்து “அப்பா, சைக்கிளோட சந்திக்கு வாங்கோ, இருட்டிடும், யானை வெளிக்கிடுற நேரம்” என்றா. எங்கள் கடைசி வரியில் அந்த இரண்டு பேரும் இல்லை. அதற்கடுத்த கிழமை அதில் ஒருத்தி வேலையை விட்டுவிட்டா என்று அம்மா சொன்னா. அந்தப் பயணம் இனி எந்த நேரத்தில் எண்ணினாலும் அகப்படாது.

யாக்கோவ் சஹாவி என்பவர் 1970களில் சொன்னதை நீங்கள் எல்லாரும் படித்திருப்பீர்கள். ஊர் எதுவானாலும் மனிதர் சராசரியாக நாளுக்கு ஒரு மணித்தியாலம் அளவைத்தான் பயணத்துக்குக் கொடுக்கிறார், வேகம் கூடினால் தூரம்தான் கூடுகிறது என்று. எங்கள் சந்தியில் அந்த ஒரு மணித்தியாலம் நின்றுகொண்டே கழிந்துவிடும். காத்திருந்த நேரத்துக்கு ஒரு நிரல் வைத்திருந்தால் நான் கிளிக்கரை விட்டுவிட்டு அதைத்தான் நிரப்பியிருப்பேன்.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றார்கள். இங்கே சிலர் அதைக் காட்டி எங்களுக்கும் கேட்கிறார்கள். நல்ல விடயம்தான். ஆனால் ஆறரை மணிக்கு வராத பஸ்ஸில் இலவசம் என்ன, அரை ரிக்கெற் என்ன.

அடுத்த ஆய்வுக்கு வருவீர்களாயின் இரண்டு மூன்று விடயம் செய்யலாம், பெரிய செலவும் இல்லை. றெட்பானாச் சந்தி, அக்கராயன் சந்தி மாதிரி இடங்களுக்கு ஆட்களை அனுப்புங்கள், ஏ9ஐ விட்டு உள்ளே. லாண்ட்மாஸ்டரில் இருக்கிற தலைகளையும் எழுத ஒரு நிரல் வையுங்கள். வீடுகளில் கேட்கும்போது “நேற்று எங்கே போனீர்கள்” என்பதோடு “போக நினைத்தும் போகாதது எங்கே” என்றும் கேளுங்கள். முதலில் ஆட்கள் முழிப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள், அப்புறம் நிறுத்த மாட்டார்கள். பதில்களை அவர்களுக்கு விளங்குகிற தமிழில் திருப்பிக் கொண்டுவந்து பிரதேச சபையிலும் பஸ் தரிப்பிடத்திலும் ஒட்டுங்கள். மூன்று நாள் வெயிலில் எண்ணிய எனக்கே அந்த அறிக்கை என்ன சொல்லிற்று என்று தெரியாது.

இரவு ஒன்பது மணி வரை இருக்க நான் தயார். திரும்பிப் போக மட்டும் ஒரு வழி பார்க்க வேண்டும். உங்கள் கிளிக்கர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கடைசி நாள் அவசரத்தில் வாங்க மறந்துவிட்டீர்கள். அம்மா இப்போது அதை மாலையில் கொட்டகையை மூடும்போது பாவிக்கிறா. எடுக்க வராமல் மிஞ்சி நிற்கிற சைக்கிள்களை எண்ண.

இப்படிக்கு,
பரந்தன் சந்தியில் கிழக்குப் பக்கக் கதிரையில் இருந்தவள்
விசுவமடு